விமானப் பணியாளரின் உடல் யாருக்குச் சொந்தம்?

(போக்குவரத்துத் துறைத் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

விமானத்தில் பயணியின் கண்ணில் படுபவை புன்னகையும் சீருடையும் தேநீர்த் தட்டுமே. ஆனால், சட்டம் பணிக்குழுவினரை விமானத்தில் ஏற்றி வைத்திருப்பது தேநீர் வழங்குவதற்காக அன்று. ஆபத்து நேர்ந்தால் பயணிகளை உயிரோடு வெளியேற்றுவதற்காக. பெரிய பயணிகள் விமானம் எதுவாயினும், அவசர வழிகளில் பாதியை மட்டுமே பயன்படுத்தி, 90 வினாடிகளுக்குள் அனைவரும் வெளியேற முடியும் என்று மெய்ப்பித்த பிறகே சான்றிதழ் பெறுகிறது. அந்த 90 வினாடிகளை வழிநடத்துவோர் இத்தொழிலாளர்களே. 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தல்காரர்கள் பிடித்து வைத்திருந்த பான் ஆம் விமானத்தில், பயணிகளைக் காக்கும் முயற்சியில் உயிர்நீத்த நீரஜா பானோட்டுக்கு வயது 22. அசோகச் சக்கர விருது அவரது துணிவுக்கு வழங்கப்பட்டது, தோற்றத்துக்கு அன்று.

இத்தகைய பணிக்கு ஆள் எடுக்கும் நாளில் முதலில் அளக்கப்படுவது எது? உயரம், எடை, தோலின் தெளிவு, பல்வரிசை. அடுத்து, சீருடைக்கு வெளியே தெரியும் தழும்போ பச்சை குத்திய அடையாளமோ இருக்கிறதா என்ற சோதனை. இவற்றுள் உயரத்துக்கு ஒரு நியாயம் உண்டு. தலைக்கு மேலுள்ள பெட்டியிலிருந்து அவசரக் கருவியை எட்டி எடுத்தாக வேண்டும். ஆனால், முன்கையில் குத்திய பச்சை எந்தக் கதவைத் திறக்கவிடாமல் தடுக்கும்?

இந்தக் கேள்விக்கு நிர்வாகங்கள் தரும் விடை, ‘நிறுவனத்தின் முகம்’ என்பதாகும். அந்த முகத்துக்கு இந்தியாவில் நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத் தொடங்கி வைத்தது தனியார் முதலாளி மட்டுமல்லர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பொதுத்துறையில் இருந்த ஏர் இந்தியாவின் விதிப்படி விமானப் பணிப்பெண் 35 வயதில் ஓய்வுபெற வேண்டும். பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்துகொண்டாலோ, முதல் முறை கருவுற்றாலோ அதற்கு முன்பே வெளியேற வேண்டும். அதே விமானத்தில் பணியாற்றிய ஆண் ஊழியரின் ஓய்வு வயது 58. நர்கேஷ் மிர்சா வழக்கில் 1981-இல் உச்சநீதிமன்றம் கருவுறுதல் பற்றிய விதியை நீக்கியது. 35 வயதுக்குமேல் பணி நீட்டிப்பை நிர்வாக இயக்குநரின் விருப்பத்துக்கு விட்டிருந்த விதியையும் நீக்கியது. எனினும், நான்கு ஆண்டுத் திருமணத் தடை நியாயமானது என்றே அத்தீர்ப்பு கூறியது.

அடுத்த கட்டம் தொழிற்சங்க இயக்கத்துக்கே கசப்பான பாடமாகும். பெண்கள் 50 வயதில் பறக்கும் பணியிலிருந்து விலக வேண்டும், ஆண்கள் 58 வரை பறக்கலாம் என்ற பாகுபாட்டைப் பம்பாய் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்தீர்ப்பை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றோருள் பணிக்குழுவினரின் சங்கமும் ஒன்று. 2003-இல் உச்சநீதிமன்றம் அந்த வயது வேறுபாடு செல்லும் என்றது. சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் அதற்குச் சான்றாயின. கூட்டுப்பேரம் என்னும் ஆயுதம், விழிப்பில்லாத இடத்தில், பாகுபாட்டுக்கே கேடயமாகிவிடும் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

வயதுக்கு அடுத்து எடை வந்தது. 2014-இல் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வகுத்த விதியில், உடல் நிறைக் குறியீட்டெண் ஆணுக்கு 25 வரை இயல்பு. பெண்ணுக்கோ 22 வரைதான் இயல்பு. கதவின் கனம் இருவருக்கும் ஒன்றே. 2022-இல் டாட்டா குழுமத்தின் கைக்கு மாறிய ஏர் இந்தியாவின் தோற்ற விதிகள் அவ்வாண்டு நவம்பரில் ஏடுகளில் வெளியாயின. நரைமுடி தெரியலாகாது, சாயமிட வேண்டும். வழுக்கை விழுந்த ஆண்கள் தலையை நாள்தோறும் மழிக்க வேண்டும். பெண்கள் முத்துத்தோடு அணியக் கூடாது என்று அவற்றின் பட்டியல் நீண்டது.

தோழர்களே, இங்கே மார்க்ஸ் வகுத்த வேறுபாட்டை நினைவுகூர்வது அவசியம். தொழிலாளி விற்பது குறிப்பிட்ட நேரத்துக்கான தன் உழைப்புச் சக்தியை, தன்னையே அன்று. தன்னையே விற்பவர் அடிமை. சீருடை பணிநேரம் முடிந்ததும் கழற்றப்படுகிறது. பச்சையைக் கழற்ற முடியுமா? ஆகவே, பச்சை கூடாது என்ற விதி பணிநேரத்துக்கான விதி அன்று. வேலைக்கு விண்ணப்பிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய வாழ்க்கையின் மீதும் உரிமை கோரும் விதி. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்டு, 1983-இல் வெளிவந்த தம் நூலில், விமானப் பணிப்பெண்களின் புன்னகையே விற்பனைப் பண்டமாக்கப்படுவதை ஆராய்ந்தார். புன்னகைக்கு அடுத்தபடியாகத் தோலும் அந்தப் பட்டியலில் சேர்கிறது.

அந்தத் தோல் யாருடையது என்பதும் வர்க்க, சாதிக் கேள்வியே. மத்திய இந்தியாவின் பைகா பழங்குடிப் பெண்களுக்கு நெற்றியிலும் கைகால்களிலும் குத்தப்படும் ‘கோத்னா’ குல மரபு. கோயிலுக்குள் நுழையத் தடுக்கப்பட்ட சத்தீஸ்கரின் தலித் மக்களிடையே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராம்நாமி இயக்கம் பிறந்தது. கோயில் மறுத்த பெயரை அவர்கள் உடலெங்கும் பச்சை குத்திக்கொண்டார்கள். அந்தக் குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வரும் ஒரு பெண், நேர்முகத் தேர்வில் முழங்கைக்குக் கீழே தெரியும் அடையாளத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டால், பாட்டனுக்குக் கோயில் வாசலில் நிகழ்ந்தது பேத்திக்கு விமான நிறுவன வாசலில் நிகழ்கிறது.

இதை மாற்ற முடியும் என்பதற்கு நியூசிலாந்து சான்று. அங்கே ஏர் நியூசிலாந்து விமானங்களின் வாலில் மாவோரி மக்களின் ‘கோரு’ சுருள் வடிவம் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால், ‘தா மோக்கோ’ என்னும் மரபுப் பச்சை குத்திய மாவோரி மக்களுக்கு அதே நிறுவனத்தில் தடை இருந்தது. விமானத்தின் வாலில் அழகாகத் தெரிந்த கலை, மனிதத் தோலில் குறையாகத் தெரிந்தது. கடும் கண்டனத்துக்குப் பிறகு 2019 செப்டம்பர் 1 முதல் தடை நீங்கியது. பிரிட்டனின் வர்ஜின் அட்லாண்டிக் 2022-இல் இத்தடையைத் தளர்த்தியது. கொரோனாவுக்குப் பின் விமானத்துறை ஆள் பற்றாக்குறையால் தவித்த ஆண்டு அது. ஆள் கிடைக்காதபோது தளரும் விதிக்குப் பாதுகாப்புக் காரணம் எதுவும் இருந்ததில்லை என்பது வெளிப்படை. ஆள் மலிந்ததும் அது மீண்டும் இறுகக்கூடும்.

வேலையில் இருப்பவருக்குச் சங்கம் இருக்கிறது. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவருக்கு யார் இருக்கிறார்கள்? நிராகரிப்புக்கான காரணம்கூட எழுத்தில் தரப்படுவதில்லை. ஆனால், சட்டத்தில் ஒரு வழி திறந்தே இருக்கிறது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம், எந்த ஒரு நபரையும் வேலையில் அமர்த்துவது அல்லது அமர்த்தாதது பற்றிய தகராறையும் தொழில் தகராறு என்றே வரையறுத்தது. 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அந்தச் சொற்கள் நீடிக்கின்றன. அந்த நபரின் வேலையில் தொழிலாளர்களுக்கு நேரடியான அல்லது கணிசமான அக்கறை இருக்க வேண்டும் என்று 1958-இல் திமாகுச்சி தேயிலைத் தோட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. தோற்ற விதி உள்ளே இருப்பவரையும் வெளியே நிற்பவரையும் ஒருசேரக் கட்டுகிறது. எனவே, அந்த அக்கறை இருப்பதைச் சங்கங்கள் எடுத்துக்காட்ட இடமுண்டு.

ஆகவே, விமானத்துறைச் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இவை இடம்பெற வேண்டும். தோற்றம் பற்றிய ஒவ்வொரு நிபந்தனைக்கும் பாதுகாப்புக் காரணம் எழுத்தில் கூறப்பட வேண்டும்; கூற முடியாதது நீக்கப்பட வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். மரபுவழிப் பச்சை தகுதிக்குறைவாகக் கருதப்படலாகாது. நிராகரிப்பின் காரணம் விண்ணப்பதாரருக்குத் தரப்பட வேண்டும். நிறுவனம் ஒப்பனையும் முடிச்சாயமும் கேட்டால், அதற்கான செலவு நிறுவனத்தினுடையது. அதற்கான நேரம் பணிநேரம்.

ஊதியக் கோரிக்கைக்கு முன் இது சிறிது என்று சில தோழர்கள் எண்ணக்கூடும். 35 வயதில் வெளியேற்றப்பட்ட பெண்ணுக்கு அது ஊதியக் கேள்வியாகவே இருந்தது. வாசலில் திருப்பி அனுப்பப்படும் பெண்ணுக்கு அது இன்றும் ஊதியக் கேள்விதான். அவர் இன்னும் சங்க உறுப்பினர் அல்லர். அவருக்காகச் சங்கம் பேசினால் மட்டுமே நாளை அவர் உறுப்பினராக முடியும்.