எஞ்சும் மின்னாற்றலும் நம் உடைமையே

(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கணம் நடத்துகின்ற தமிழாசிரியனுக்கும் மின்னுக்கும் என்ன தொடர்பு என்று உங்களுட் சிலர் எண்ணக் கூடும். மொழியைக் காக்க முனைந்தவன் அம்மொழி பேசுவோரின் கிணற்றையும் விளக்கையும் பாராதிருத்தல் எங்ஙனம்? கிணறு வறண்டு, நிலத்தை விற்று, உழவன் ஊரைவிட்டே போன பின்னர்த் தமிழ் எந்த வீட்டில் வாழும்?

1932இல் நீலகிரி மலையிலே பைக்காராவில் மின்னாக்கம் தொடங்கிற்று. 1937இல் மேட்டூரில் தொடங்கிற்று. 1957 சூலைத் திங்கள் முதல்நாள் மின்வாரியம் அமைந்தது. அதன்பின் ஊரூராகக் கம்பி சென்றது, ஏற்றமும் கமலையும் ஓய்ந்தன, நீரெக்கி வந்தது. கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் உழவர் கிளர்ந்தெழுந்தபோது, பெருமாநல்லூரில் மூவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். 1984இல் சிறு உழவர்க்கும், 1990இல் உழவர் அனைவர்க்கும் மின் கட்டணம் நீக்கப்பட்டது. ஆகலின் இதனை வெறுங்கொடை என்று எவரும் எள்ள வேண்டா. குருதி சிந்திப் பெற்ற உரிமை அது. அளவியைப் பொருத்திக் காசு வாங்கு என்று தில்லியிலிருந்து அறிவுரை கூறுவோர் உளர். அவர்க்கு ஒத்தூத நான் இங்கு வரவில்லை.

நான் கேட்பது வேறு. உழவனுக்கென அனுப்பும் மின்னாற்றலில் எவ்வளவு அவன் வயலுக்குப் போய்ச் சேருகிறது?

கணக்கொன்று சொல்லுகின்றேன், பொறுத்தருள்க. கோவைப் பக்கத்தில் ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு இன்று வியப்பன்று. அவ்வாழத்திலிருந்து ஆயிரம் இலிட்டர் நீரை மேலே தூக்க, இயற்பியற் கணக்கின்படி ஏறத்தாழ 0.83 அலகு மின்னே வேண்டும். எக்கியும் மின்னோடியும் சேர்ந்து 30 விழுக்காட்டுத் திறனுடையனவாயின் 2.8 அலகு செலவாகும். 50 விழுக்காட்டுத் திறனாயின் 1.7 அலகே போதும். அதே நீர், அதே வயல். ஆயினும் ஓர் அலகிற்கு மேல் வெப்பமாகவும் இரைச்சலாகவும் வீணே போகின்றது. தமிழ்நாட்டில் வேளாண் மின்னிணைப்புகள் 23 இலக்கத்திற்கும் மேல் உள்ளன. இந்தியாவுக்கே நீரெக்கி செய்தளிக்கும் கோவை நம்மிடம் இருக்கையில், பலமுறை கம்பி சுற்றித் தேய்ந்த மின்னோடியைக் கொண்டு நம் உழவன் நீரிறைப்பது நமக்கு நாணம் தருவதன்றோ?

பழுது உழவன்மேல் இல்லை. அவன் மின்னுக்குக் காசு கொடுப்பதில்லை. எனவே வீணாவது அவன் கண்ணுக்குப் படுவதில்லை. காசு கொடுப்பது மாநில அரசு. ஆண்டுதோறும் பல்லாயிரங் கோடி உருபாவை நல்கையாக அது மின்கழகத்திற்குச் செலுத்துகின்றது. அப்பொருளில் ஒரு பகுதியை முன்கூட்டியே எடுத்து, பழைய எக்கிக்கு மாற்றாகப் புதியதை அரசே பொருத்தித் தந்தாலென்ன? மணிக்கு நாலரை அலகு இழுக்கும் எக்கி ஆண்டில் 1,200 மணி ஓடுமெனக் கொள்வோம்; 5,400 அலகு ஆகின்றது. ஐந்தில் இரு பங்கு எஞ்சினால் 2,160 அலகு. அலகுக்கு 5 உருபா வைத்தாலும் 10,800 உருபா. எக்கியின் விலை ஐம்பதினாயிரமே ஆனாலும் ஐந்தாண்டிற்குள் முதல் மீண்டுவிடும். அதன்பின் எஞ்சுவதெல்லாம் ஊதியம்.

இங்கே ஓர் இடர் உண்டு. அதனை மறைத்தல் அறமன்று. எக்கி நன்றாக இழுத்தால் நீரும் மிகுதியாக இறைபடும். நிலத்தடி நீர் இன்னும் கீழே போகும். பஞ்சாபு மாநிலம் இதற்கு 2018இல் ஒரு வழி கண்டது. விரும்பிச் சேரும் உழவர்க்கு மின் ஒதுக்கீட்டை வரையறுத்து, அதில் செலவிடாது விட்ட ஒவ்வோர் அலகிற்கும் 4 உருபா கொடுத்தது. காசு வாங்குவதற்கன்றிக் காசு கொடுப்பதற்காக அளவி பொருத்தினால், உழவன் அதனை ஏன் அஞ்ச வேண்டும்?

மொத்தமாக வாங்குவதன் ஆற்றலையும் கண்டோம். எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் விளக்கினை நடுவணரசின் நிறுவனம் 2014இல் 310 உருபாவுக்கு வாங்கியது; 2016இல் அதே விளக்கு 38 உருபாவுக்குக் கிடைத்தது. நல்லதை எவர் செய்தாலும் நல்லதென்பேன். விளக்கிற்கு நடந்தது எக்கிக்கும் விசிறிக்கும் நடவாதா?

அமெரிக்காவில் வெர்மாண்டு என்றொரு சிறு மாநிலம். அதன் மக்கள்தொகை நம் நீலகிரி மாவட்டத்தினும் குறைவு. அம்மாநிலம் மின் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துப் பெற்று, மின்னை விற்பதற்கன்றி மிச்சப்படுத்துவதற்கென்றே 2000இல் தனி அமைப்பை உண்டாக்கிற்று. ஏழு கோடிக்கும் மேற்பட்ட நமக்கு அஃது ஏன் இயலாது?

இயலாமைக்கு ஒரு பங்கு தில்லியைச் சாரும். மின்னாற்றல் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் 38ஆம் இனமாக உள்ளது. 2001ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தில், எக்கருவி எவ்வளவு மின் கொள்ளலாம் என்று வரையறுக்கும் அதிகாரம் 14ஆம் பிரிவின்படி நடுவணரசினுடையது. தரத்தை வகுப்பது அங்கே, கடனைச் சுமப்பது இங்கே. இவ்வதிகாரம் மாநிலத்திற்கு மீள வேண்டுமென்பதே நம் நிலைப்பாடு. மற்றொரு பங்கு நம்மைச் சாரும். அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஆற்றல் சேமிப்புப் பொருள்வைப்பு ஒன்றை அமைக்க வேண்டும் என்கின்றது. கட்டட நெறியை மாநிலத்தின் வெப்பதட்பத்திற்கேற்பத் திருத்திக்கொள்ள 15ஆம் பிரிவு இடந்தருகின்றது. கேளாத உரிமைக்காக முழங்கும் நாம், கையிலுள்ள உரிமையைப் பற்றி எத்தனை கூட்டம் போட்டோம்? என்னையும் சேர்த்தே கேட்கின்றேன்.

அண்மையில் குளிர்ப்பெட்டி வாங்கச் சென்றேன். எத்தனை விண்மீன், ஆண்டுக்கு எத்தனை அலகு என்று காட்டும் ஒட்டுத்தாள் அதன்மேல் இருந்தது. அதில் தமிழ் ஓர் எழுத்தும் இல்லை. என் துணைவியார் விண்மீன்களை எண்ணினார். மற்றவற்றைக் கடைக்காரப் பையன் படித்துச் சொன்னான். படித்துச் சொல்ல ஆளில்லாதவர் விலையை மட்டும் பார்த்து வாங்கிச் செல்வர்.

வருகின்ற ஊரவைக் கூட்டங்களில் நம் தோழர்கள் மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக்கி அனுப்புதல் வேண்டும். அரசு தன் நல்கையில் ஒரு பகுதியை எக்கி மாற்றத்திற்கென ஒதுக்குக. எஞ்சும் அலகிற்கு உழவனுக்குப் பங்கு தருக. தமிழ்நாட்டில் விற்கும் கருவிகளின் மின்னளவு ஒட்டுத்தாள் தமிழில் இருக்கச் செய்க. தீர்மானத்தின் படிவத்தை எழுதி வைத்துள்ளேன். வேண்டுவோர் கூட்ட முடிவில் பெற்றுக்கொள்ளலாம்.