நாளும் பெயரும்



நாளையும் கோளையும் சேர்த்துச் சொல்வது தமிழர் வழக்கு. புகழ்பெற்ற ஒருவர் பிறந்த நாளையும் மறைந்த நாளையும் அருகருகே வைத்துப் பார்த்து, ஊழின் கையெழுத்தைக் கண்டதாக வியப்பது அவ்வழக்கின் நீட்சியே. இதற்குச் சான்று தேடிச் சுந்தரபாண்டியத்தார் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அயலே உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயரால் அமைந்திருந்த நாடாளுமன்றத் தொகுதியில் 1952-இல் வென்றவர் காமராசர்; 1957-இல் வென்றவர் முத்துராமலிங்கத் தேவர். அரசியலில் எதிரெதிர் நின்ற இவ்விருவரையும் நாட்காட்டி ஒரு வகையில் ஒன்றுசேர்த்துவிட்டது. தேவர் பிறந்தது 1908 அக்டோபர் 30. மறைந்தது 1963 அக்டோபர் 30. காந்தியத் தொண்டராகிய காமராசர் மறைந்ததோ 1975 அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்த நாள்.

கேட்டவுடன் நெஞ்சு சிலிர்க்கிறது. ஆனால் கணக்கு வேறு கூறுகிறது. தற்செயலாகக் கூடிய 23 பேரில் இருவர்க்கேனும் பிறந்த நாள் ஒன்றாக அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல். பிறந்த நாளிலேயே மறையும் வாய்ப்பு ஏறத்தாழ 365-இல் ஒன்று. ஆயிரம் சான்றோரை எடுத்துக்கொண்டால் இரண்டு மூன்று பேருக்கு அது நேர்ந்தே தீரும். பொருந்தாதவர்களை எவரும் எண்ணுவதில்லை என்பதே இதிலுள்ள சூட்சுமம்.

மேலும், எந்த நாட்காட்டி என்ற வினா உண்டு. தமிழ் மரபு பிறப்பை நட்சத்திரத்தாலும் இறப்பைத் திதியாலும் குறிக்கிறது. 55 ஆண்டு இடைவெளியில் ஒரே ஆங்கிலத் தேதிக்குரிய திதி ஏறத்தாழ ஏழு தள்ளிப்போகும். தேவர் குருபூசையின் வியப்பு, ஆங்கிலத் தேதியைக் கைக்கொண்டதால் கிடைத்த வியப்பு. ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23-இல் மறைந்தனர் என்பதும் இத்தகையதே. இங்கிலாந்து அப்போது பழைய சூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது; ஸ்பெயின் புதியதைப் பின்பற்றியது. இரண்டிற்கும் இடையே பத்து நாள் வேறுபாடு! செர்வாண்டிசுக்கு 23 அடக்க நாள் மட்டுமே, மறைந்தது முந்திய நாள் என்பாரும் உளர்.

பொருத்தத்தின் மீதுள்ள ஆசை, உண்மையை வளைக்கத் தொடங்கும் இடம்தான் கவலைக்குரியது. பாரதியார் பிறந்தது 1882 டிசம்பர் 11. மறைவும் 11 என்றால் நாவுக்கு இனிக்கிறது. செப்டம்பர் 11 என்றே மேடைகள் முழங்கின. உயிர் பிரிந்ததோ நள்ளிரவு கடந்து ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு, அதாவது 1921 செப்டம்பர் 12. கதிரவன் எழும்போதே நாள் பிறக்கும் என்னும் நம் பழைய கணக்கில் அவ்விரவு 11-ஐச் சேர்ந்தது எனலாம். ஆயின் அக்கணக்கிற்கு ஆங்கிலத் தேதி ஏது? தமிழக அரசும் 2021-இல் செப்டம்பர் 11-ஐயே 'மகாகவி நாள்' என அறிவித்தது. வரலாறு எழுதுவோர் 12 என எழுதுவதே முறை. ஓசைக்காகச் சொல்லை மாற்றும் உரிமை கவிஞர்க்கு உண்டு, தேதியை மாற்றும் உரிமை அவர்க்கும் இல்லை.

பெயர்களின் கதை இன்னும் சுவையானது. எட்டயபுரத்தில் சுப்பையா, புதுவையில் கனக சுப்புரத்தினம். இவ்விரு பெயரும் முதற்சொல்லால் ஒத்தது தற்செயல். பின்னவர் 'பாரதிதாசன்' ஆனதோ தாமே விரும்பிப் பூண்ட அடிமை. அவருடைய இயற்பெயரைச் சுருக்கித் தாசனும் சேர்த்து 'சுரதா' ஆனார் இராசகோபாலன். அந்தச் சுரதா பிறந்தது 1921 நவம்பர் 23. பாரதி கண்மூடி இரண்டு திங்களும் சில நாளும் கழித்து. இப்பொருத்தத்தைக் கண்டு மகிழாத கவியுள்ளம் இராது. மகிழ்வதில் பிழையும் இல்லை. ஆயினும் மூவரையும் பிணைத்தது பெயர் சூடிக்கொண்ட பற்று. பிறந்த நாள் அதற்கு வாய்த்த எதுகை. கண்ணதாசனும் விசுவநாதனும் முறையே 1927, 1928 ஆம் ஆண்டுகளில் ஜூன் 24-இல் பிறந்தனர். அதே நாளில் பிறந்தும் பாட்டு எழுதாதவர், மெட்டு அமைக்காதவர் எத்தனை ஆயிரவர்!

ஸ்ரீவில்லிபுத்தூரின் பெருமாட்டிக்கு இக்கணக்கே பொருந்தாது. ஆண்டாளுக்கு ஆடிப்பூரம் என்னும் பிறந்த நாள் உண்டு. இறந்தார் என்று மரபு சொல்வதில்லை. அரங்கனோடு கலந்தார் என்றே சொல்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது தேதி இல்லை. ஆடிப்பூரத்தன்று தேர் ஓடுகிறது.