பாவித்த மடிக்கணினி வாங்குவோர்க்குச் சில வார்த்தைகள்

(எமது மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



இம்மேடையிலே அறிஞர் பலர் உயர்ந்த பொருள்கள் குறித்துப் பேசியிருக்கிறார்கள். இன்று நாம் பேச வந்திருப்பதோ ஒரு கடைச் சரக்கைப் பற்றி. ஆயினும், ஏழைக் குடும்பமொன்றின் ஓராண்டுச் சேமிப்பு ஒரே நாளிற் கைமாறும் காரியமாதலால், இதனைச் சிறு விடயமென்று தள்ளிவிட முடியாது.

முதற்கண் எமது குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். 2024ஆம் ஆண்டிலே, கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவி ஒருத்தியின் தாயார், சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தோடு கண்டிக்கு வந்தார். "ஐயா, நீங்களே பார்த்து ஒன்று வாங்கிக் கொடுங்கள்" என்றார். நாமும் உடன் சென்றோம். கடையிலே மூடி பளபளத்தது, திரை தெளிவாயிருந்தது. பத்து நிமிடத்திலே "நல்லது, எடுங்கள்" என்று சொல்லிவிட்டோம். பற்றுச்சீட்டுக் கேட்கவேண்டுமென்றுகூட எமக்குத் தோன்றவில்லை. இரண்டு மாதத்திற் பற்றரி வீங்கிற்று. கடைக்குக் கொண்டு போனோம். "எங்களிடம் வாங்கியதற்கு என்ன அத்தாட்சி?" என்றார் கடைக்காரர். மறுமொழியின்றித் திரும்பினோம். அந்தத் தாயார் எம்மை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அதுதான் எமது மனத்தை அதிகம் வருத்திற்று.

ஆகவே, பாவித்த பொருளையே வாங்கலாகாது என்று சொல்வோமா? சொல்லமாட்டோம். 2020 மார்ச்சிலே பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பார்த்துப் படித்ததை நீங்கள் அறிவீர்கள். 2022ஆம் ஆண்டிலே, 200 ரூபா அளவிலிருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களுள் 360 ரூபாவையும் தாண்டிற்று. புதுக் கணினி பல வீடுகளுக்கு எட்டாக் கனியாயிற்று. அதனாற் பாவித்ததை வாங்குவதில் வெட்கமேயில்லை. வெளிநாட்டுப் பெரு நிறுவனங்கள் பல, மூன்று நான்கு ஆண்டுகளுக்கொருமுறை தம் கணினிகளை மாற்றிவிடுகின்றன. டெல் லாட்டிடியூட், லெனோவோ திங்க்பேட், எச்.பி. எலைட்புக் முதலியன இவ்வகையில் வருபவை. அலுவலக வேலைக்கென்று உறுதியாகச் செய்யப்பட்டவை. மேலும், 2022இல் மாத்திரம் உலகிற் சேர்ந்த மின்னணுக் கழிவு ஏறக்குறைய 6 கோடியே 20 இலட்சம் தொன். நல்ல பொருளொன்றைக் குப்பைக்குப் போகாமற் காப்பதும் ஒரு நன்மையே.

ஆனால், "புதுப்பித்தது" என்ற சொல்லைக் கேட்டு மயங்கலாகாது. ஒவ்வோர் உறுப்பையும் சோதித்து, தேய்ந்ததை மாற்றி, உத்தரவாதமும் கொடுத்தாலன்றோ அது புதுப்பித்ததாகும்? துடைத்து மினுக்கியது மினுக்கியதே. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டை எப்பெரியவர் பல் பாராது வாங்குவார்? கணினிக்கும் பல் உண்டு. அதைப் பார்க்கும் வகையைச் சொல்லுகிறோம்.

முதலாவது, அதன் வயது. வின்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. வின்டோஸ் 11 ஏற்கும் கணினியையே நாடுங்கள். இன்டெல் வகையாயின் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியனவுமே அதற்கு ஏற்றவை. "ஐ5" என்ற பெயர் மாத்திரம் போதாது. அப்பெயர் 2009 முதல் வழங்கி வருகிறது. அதனையடுத்த இலக்கத்தைப் பாருங்கள். 8250 என்றால் 8ஆம் தலைமுறை. 10210 என்றால் 10ஆம் தலைமுறை.

இரண்டாவது, நினைவகம் 8 ஜிகாபைட்டாவது இருக்கட்டும். சேமிப்புக்குச் சுழலும் தட்டுடைய பழைய வன்தட்டு இன்றி, எஸ்.எஸ்.டி. இருக்கிறதா என்று கேளுங்கள். வேகத்திலே பெரும் வேறுபாடு உண்டு.

மூன்றாவது, பற்றரி. மின்னிணைப்பைக் கழற்றி அரைமணி நேரம் ஓடவிடுங்கள். பற்றரியின் ஆரம்பக் கொள்ளளவையும் இப்போதைய கொள்ளளவையும் காட்டும் அறிக்கையொன்றை வின்டோஸே தரும். பாதிக்குக் குறைந்திருந்தால், புதுப் பற்றரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். கணினி மேசையிற் சமமாய் அமராது ஆடினாலோ, விரல் தடவும் பலகை மேலெழுந்திருந்தாலோ பற்றரி வீங்கியிருக்கலாம். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு, தொடவேண்டாம்.

நாலாவது, பூட்டு. கணினியை முற்றாக மீளமைத்து, இணையத்தோடு இணைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். முன்னைய நிறுவனமொன்றின் பெயரோ கடவுச்சொல் கேட்கும் திரையோ தோன்றினால், அதன் உரிமை இன்னும் விடுபடவில்லை.

ஐந்தாவது, ஒவ்வொரு விசையையும் தட்டுங்கள். மூடியைத் திறந்து மூடுங்கள். கமரா, ஒலிபெருக்கி, இணைப்புத் துளைகள் யாவற்றையும் சோதியுங்கள்.

ஆறாவது, நாம் மறந்தது: பற்றுச்சீட்டு. தொடரிலக்கமும் உத்தரவாதக் காலமும் அதில் எழுதப்பட்டிருக்கவேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977.

அந்த மாணவியின் கணினி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். எமது இளைஞர் ஒருவர் அதன் பற்றரியை மாற்றி, எஸ்.எஸ்.டி. பொருத்தி, லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தார். செலவை நாம் பகிர்ந்துகொண்டோம். இன்றும் அதிலேதான் அவள் படிக்கிறாள். பொருள் பழையது என்பதால் வந்த நட்டமன்று அது. பார்க்கத் தெரியாத நாம் தெரிந்தவர்போல் நடந்ததால் வந்த நட்டம்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். கட்டுகஸ்தோட்டையிலிருந்தோ கம்பளையிலிருந்தோ தோட்டங்களிலிருந்தோ பிள்ளைக்குக் கணினி வாங்க வருவோருக்கு, எம் மன்றத்திலிருந்து இருவர் துணை செல்லட்டும்: இளைஞர் ஒருவர், பெரியவர் ஒருவர். இளையவருக்குக் கணினியைத் திறந்து பார்க்கத் தெரியும். பெரியவருக்கு விலை பேசவும், கடதாசி கேட்கவும், சரியில்லாவிடில் எழுந்து வரவும் தெரியும். இவ்விரண்டும் சேர்ந்திருந்தால் அன்று அந்தத் தாயாரின் பணம் வீணாகியிராது. இன்று கூட்டம் முடியுமுன் பெயர் கொடுக்க விரும்புவோர் கொடுக்கலாம். எமது பெயரை முதலில் எழுதிவிட்டோம்.