பத்து இராகங்களும் ஒரு தாள யந்திரமும்

ஒரு கச்சேரியைக் கேட்டுத் திரும்பும்போது பாடியவரைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். பக்கவாத்தியம் வாசித்தவரைப் பற்றி இரண்டொரு சொல் சொல்லிவிட்டால் அதுவே பெரிய மரியாதை என்று எண்ணிக்கொள்கிறோம். சினிமாப் பாட்டு என்றால் அந்த இரண்டொரு சொல்லுக்கும் இடமில்லை. பாடியவர் பெயர் தெரியும். இசையமைத்தவர் பெயர் தெரியும். பாட்டின் தொடக்கத்தில் நம் நெஞ்சை அள்ளும் அந்தக் கிடார் ஒலியை எழுப்பிய விரல்கள் எவருடையவை என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. அப்படிப் பின்வரிசையில் அமர்ந்து வாசித்த ஒருவர், தம் பெயரால் வெளியிட்ட ஓர் இசைத்தட்டைப் பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விழைகிறோம்.

அவர் பெயர் சரண்ஜித் சிங். அன்று பம்பாய் என வழங்கிய மும்பை நகரில், இந்திப் படங்களின் இசைக்குழுக்களில் வாசித்தே வாழ்ந்தவர். கிடாரும் கட்டை வாத்தியங்களும் அவருக்குக் கைவந்தவை. சங்கர்–ஜெய்கிஷன், எஸ். டி. பர்மன், ஆர். டி. பர்மன், லட்சுமிகாந்த்–பியாரேலால் என்று அக்காலத்துப் பெரிய இசையமைப்பாளர் பலரிடத்தும் பணிபுரிந்தவர். புகழ்பெற்ற திரைப்பாடல்களைக் கருவியில் வாசித்துத் தனித் தட்டுகளாகவும் அவர் வெளியிட்டதுண்டு. ஆயினும் அவர் பெயரை உலகம் இன்று நினைப்பது அத்தட்டுகளால் அன்று. 1982-ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பெற்று, எச்.எம்.வி. முத்திரையோடு 1983-இல் வெளிவந்த ஒரே ஒரு தட்டினால். அதன் ஆங்கிலத் தலைப்பை, ‘டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்கள்’ என்று நாம் தமிழில் சொல்லலாம்.

பைரவ், லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி என்பன அந்தப் பத்து. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நிமிடம். தமிழ்நாட்டை விட்டு வந்து வடபுலத்து நகரங்களில் வாழ்கிற நமக்கு இப்பெயர்கள் சில முதலில் மயக்கம் தருவன. தோடி என்றதும் நம் தோடியை எதிர்பார்த்தால் ஏமாந்து போவோம். இந்துஸ்தானித் தோடியின் சுரங்கள் நம் சுபபந்துவராளியின் சுரங்கள். பூபாலியும் நம் பூபாளமும் ஒன்றல்ல. பூபாலிக்கு உறவு மோகனம். பைரவை மாயாமாளவகௌளை என்றும், யமனைக் கல்யாணி என்றும், கலாவதியை வலஜி என்றும், மால்கௌன்ஸை இந்தோளம் என்றும், பைராகியை ரேவதி என்றும் நம் செவி இனங்கண்டுகொள்ளும். மதுவந்தியில் தர்மவதியும், மேக் மல்ஹாரில் மத்தியமாவதியின் சாயலும் தென்படும். லலித் ஒன்றுதான், பஞ்சமத்தைத் துறந்து இரு மத்தியமங்களையும் அடுத்தடுத்துத் தொட்டு, நமக்கு எளிதில் பிடிபடாமல் நழுவுகிறது.

இந்தத் தட்டு உருவான காலத்தை நினைவுகூர்வோம். 1980-இல் ‘குர்பானி’ படமும் 1982-இல் ‘டிஸ்கோ டான்சர்’ படமும் வந்து, டிஸ்கோ என்னும் ஆட்ட இசை நாடெங்கும் தெருத்தெருவாகப் பரவிய காலம் அது. மின்னணுவால் ஒலி எழுப்பும் கருவியும் இந்நாட்டுக்கு அப்போது முற்றிலும் புதியதன்று. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ஆம் ஆண்டிலேயே மூக் சிந்தசைசர் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. ஆனால் அங்கே நடந்தவை ஆய்வுக்கூடச் சோதனைகள். அவற்றின் ஒலிநாடாக்கள் தொகுக்கப்பெற்று 2023-இல்தான் வெளியாயின. சரண்ஜித் சிங் ஆய்வாளர் அல்லர், தொழில்முறைக் கலைஞர். எல்லோரும் கேட்கும் ஆட்ட இசையில் தாமும் புதிதாக ஒன்று செய்து பார்க்கலாமே என்றுதான் அவர் தொடங்கினார். தபலா இருந்த இடத்தில் டிஸ்கோ தாளத்தை வைத்து, அதன்மேல் இராகத்தை வாசிப்பது என்பதே அவர் திட்டம்.

அதற்கு அவர் எடுத்துக்கொண்டவை ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகள். முதலாவது ‘ஜூபிட்டர் 8’ என்னும் கட்டை வாத்தியம். ஒரே நேரத்தில் எட்டுச் சுரங்களை ஒலிக்க வல்லது. இரண்டாவது ‘டி.ஆர். 808’ என்னும் தாள யந்திரம். இதில் உள்ளவை பதிவு செய்த மத்தள ஒலிகள் அல்ல. மின்சுற்றுகளே அவ்வொலிகளைப் பிறப்பிக்கின்றன. வரிசையாகப் பதினாறு பொத்தான்கள். எந்த இடத்தில் எந்த அடி விழ வேண்டும் என்று குறித்துவிட்டால் யந்திரம் அலுப்பின்றி அதைத் திரும்பத் திரும்ப அடிக்கும். மூன்றாவது ‘டி.பி. 303’. தனியாகக் கிடார் வாசிப்பவருக்குத் துணையாகக் கீழ்ச்சுரங்களை ஒலித்துக்கொடுப்பதற்காக 1981-இல் செய்யப்பட்டது. உண்மையான பேஸ் கிடாரைப் போல அது ஒலிக்கவில்லை, அதனால் விலைபோகவில்லை, 1984-இல் உற்பத்தியும் நின்றது.

இத்தகைய கருவிகளில் இராகத்தை வாசிக்கலாமா என்ற கேள்வி இயல்பாக எழும். வானொலிக்கு இது பழைய கேள்வி. கட்டையில் நிலைத்துவிட்ட சுரம் அசையாது, கமகம் வராது, நுண்சுருதி கிட்டாது என்ற காரணங்களைக் காட்டி, அகில இந்திய வானொலி 1940 முதல் ஆர்மோனியத்தை விலக்கியே வைத்திருந்தது. 1971-இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. அன்று ஆர்மோனியத்தின்மேல் சாற்றப்பட்ட குற்றம் முழுவதும் சிந்தசைசருக்கும் பொருந்தும். அதற்கு மேலும் ஒன்று உண்டு. ஆர்மோனியத்தைக் கையால் வாசிக்கிறவன் பாடகரின் மூச்சறிந்து நிற்பான்; தாள யந்திரம் யாருக்காகவும் நிற்காது. தீன்தாளத்துக்கு மாத்திரை பதினாறு. 808-இன் பொத்தானும் பதினாறு. ஆனால் தீன்தாளத்தில் ஒன்பதாம் மாத்திரை ‘காலி’. அடி அங்கே ஒதுங்கி நின்று பாட்டுக்கு இடம் கொடுக்கிறது. டிஸ்கோவில் அந்த ஒதுக்கம் இல்லை. எல்லா அடியும் ஒரே கனம். விடியற்கால பைரவுக்கும் நள்ளிரவு மால்கௌன்ஸுக்கும் அதே அடிதான்.

இவ்வளவு குறைகளையும் வைத்துக்கொண்டு அவர் செய்தது என்ன என்பதில்தான் இந்தத் தட்டின் சுவை இருக்கிறது. 303-இல் ஒரு வசதி உண்டு. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும்படி அமைக்கலாம். பேஸ் கிடாரைப் போலச் செய்வதற்காக வைத்த அந்த வசதி, நம் செவிக்கு ஜாருவாகவே ஒலிக்கிறது. வடக்கே இதனை மீண்ட் என்பர். அந்தக் கீழ்ச்சுர வரிசை ஓயாமல் சுழன்றுகொண்டிருக்க, அதுவே தம்பூரா நின்ற இடத்தில் ஓர் அடித்தளமாக நின்றுவிடுகிறது. அதன்மேல் ஜூபிட்டரில் அவர் கை ஓடுகிறது. நின்று குழையக் கருவி விடாத இடத்தில், விரைந்த சுரக்கோவைகளால் இராகத்தின் வடிவத்தைத் தீட்டுகிறார். ஏறும்போதும் இறங்கும்போதும் இராகத்துக்குப் புறம்பான சுரம் புகாதபடி காக்கிறார். மேனாட்டு ஆட்ட இசையின் உயிராகிய கூட்டுச்சுர மாற்றம் இங்கே தலைகாட்டுவதில்லை. எட்டுச் சுரம் ஒருங்கே ஒலிக்க வல்ல கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒற்றை இழையாக இராகத்தை நடத்தியது எளிய அடக்கம் அன்று.

தட்டு வெளிவந்தது, கேட்பார் இல்லை. ஆடுவோருக்கு அது இராகமாகப் பட்டது. இராகம் கேட்போருக்கு அது ஆட்டமாகப் பட்டது. இருவரும் கைவிட, பழைய தட்டுக் கடைகளில் அது தூசு படிந்து கிடந்தது. 2002-ஆம் ஆண்டில் டில்லியில் ஏடோ பவுமன் என்னும் டச்சுக்காரர், இந்தியத் தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர், இதனைக் கண்டெடுத்தார். 2010-இல் தம் ‘பாம்பே கனெக்ஷன்’ நிறுவனத்தின் வாயிலாக மறுபதிப்புச் செய்தார். கேட்டவர்கள் திகைத்தனர். அண்மைக்காலத்தில் யாரோ செய்து, பழைய உறையில் இட்டு ஏமாற்றுகிறார்கள் என்று ஐயுற்றவர்களும் உண்டு. அத்திகைப்புக்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில் ‘ஃபியூச்சர்’ என்னும் குழுவினர், விலைபோகாத அதே 303-ஐக் கொண்டு 1987-இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்ற தட்டை வெளியிட்டனர். அதிலிருந்து ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் இசை வகையே கிளைத்தது. அதற்கு ஐந்தாண்டு முன்னரே பம்பாயில் அதே ஒலியா என்பதுதான் வியப்பு.

ஆகவே, ‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர்’ என்ற புகழ்மாலை சரண்ஜித் சிங்கின் கழுத்தில் விழுந்தது. நம்மவர் ஒருவர் முந்திக்கொண்டார் என்றால் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நேயர்களே, இந்தப் புகழை நாம் சற்றே நிறுத்துப் பார்க்க வேண்டும். சிக்காகோ இளைஞர்கள் இந்தத் தட்டைக் கேட்டதற்குச் சான்று எதுவும் இல்லை. முந்தி வந்தது வேறு, வழிகாட்டியது வேறு. மேலும், இரண்டிலும் கருவி ஒன்றாயினும் நோக்கம் ஒன்றன்று. சிக்காகோவில் யந்திரம் ஒரே வரிசையை ஒலித்துக்கொண்டிருக்க, அதன் குமிழ்களைத் திருகித் திருகி ஒலியின் நிறத்தை மாற்றினார்கள். அந்த நிறமாற்றமே அங்கே இசை. பம்பாயில் யந்திரம் பக்கவாத்தியம், இராகமே இசை. சிக்காகோவின் முன்னோடி என்று மட்டும் சரண்ஜித் சிங்கைப் புகழ்ந்தால், அவர் வாசித்த பத்து இராகங்களையும் கேளாமல், அவற்றின் பின்னே ஒலித்த பெட்டியை மட்டும் கேட்டவர்கள் ஆவோம். வாழ்நாளெல்லாம் பின்வரிசையில் இருந்தவர் தம் பெயரோடு முன்வரிசைக்கு வந்தபோது, மறுபடியும் அவரை வேறொருவருக்குப் பக்கவாத்தியமாக உட்கார வைப்பது நியாயம் ஆகுமா?

குறையே இல்லாத படைப்பு என்று நாம் வாதாட வரவில்லை. ஐந்து நிமிடத்தில் ஓர் இராகம் தன்னை முழுதும் திறந்து காட்டாது. தோடியின் காந்தாரம் கேட்கும் நுட்பத்தைக் கட்டை கொடுக்கவில்லை. பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் தாளம் சலிப்பூட்டவும் கூடும். ஆனால் பூபாலி, கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி ஆகிய ஐந்துசுர இராகங்கள் நான்கும் அந்த ஒரே சீரான அடியின்மேல் வெகு இயல்பாக அமர்ந்துவிடுகின்றன. சுரங்கள் குறைந்து இடைவெளிகள் அகன்றிருப்பதால், அசைவு குறைந்தாலும் இராகத்தின் முகம் மாறுவதில்லை. இந்தோளம் அறிந்த செவி மால்கௌன்ஸை ஒரு நொடியில் கண்டுகொள்ளும். எவ்வளவு அந்நியமான உடை உடுத்தி வந்தாலும் உறவுக்காரனை வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்வதைப் போல. ஊர்விட்டு ஊர் வந்து, நடையும் உடையும் மாறி, இன்னார் என்ற அடையாளம் மட்டும் மாறாமல் வாழும் நமக்கு இதன் பொருளை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபதிப்பின் பயனாக, எழுபது வயதைக் கடந்த நிலையில் அந்தக் கலைஞர் ஐரோப்பிய மேடைகளில் அதே இராகங்களை அதே தாளத்தோடு வாசித்தார். தம் பேரப்பிள்ளைகள் வயதுடையோர் எதிரே நின்று ஆடினார்கள். 2015-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மும்பையில் காலமானார். முப்பதாண்டு தாமதமாக வந்த அந்தக் கைதட்டலை அவர் தம் காதாலேயே கேட்டுவிட்டுப் போனார் என்பது நமக்கு ஆறுதல். கேளாமலே போனவர்கள் எத்தனை பேர் என்பது நம் மனத்தை உறுத்த வேண்டிய கேள்வி.

இந்தத் தட்டைக் கேட்க நேர்ந்தால், தாளத்தைச் சிறிது பின்னே தள்ளிவிட்டு, முதலில் மால்கௌன்ஸைக் கேளுங்கள். பிறகு யமனைக் கேளுங்கள். இந்தோளமும் கல்யாணியும் நம் வீட்டுக்கு வேறொரு வாசல் வழியாக வருவதை உணர்வீர்கள். பிறகு, அடுத்த முறை ஒரு பழைய திரைப்பாட்டு ஒலிக்கையில், பாடும் குரல் தொடங்குமுன் வரும் அந்த நான்கு நொடிக் கிடாருக்கும் சற்றுச் செவி கொடுங்கள். அங்கே ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார்.