ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பெரியவர் மீண்டும் நடமாட



உங்கள் மாமனாரோ மாமியாரோ, பெற்ற தாய் தந்தையோ அரூரிலோ தருமபுரியிலோ உள்ள அரசு ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு வீடு திரும்புகிறார். நோய் தணிந்துவிட்டது. ஆனால் நடந்து போனவர், இருவர் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறார். ஏன் தெரியுமா? படுத்தே கிடந்தால் வயதானவர்களுக்குச் சதை வெகு சீக்கிரம் கரைந்துவிடும். அமெரிக்காவில் நோயற்ற முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் சராசரியாக ஏறக்குறைய 1 கிலோ சதை குறைந்திருந்ததாக 2007-ல் வெளியிட்டார்கள். நோய்ப்பட்ட உடம்புக்குக் கேட்கவா வேண்டும்?

“பாவம், வயசானவங்க, படுத்திருக்கட்டும்” என்று நாம் சோறு ஊட்டுகிறோம், சட்டை மாட்டுகிறோம். அன்பினால்தான். ஆனால் அந்த அன்பே அவரைக் கட்டிலோடு கட்டிப்போடுகிறது. அவரால் முடிகிற வேலையை அவரே செய்யட்டும். சட்டை போட கால்மணி நேரம் ஆகிறதா? ஆகட்டும், அவசரப்படாதீங்க.

எழுந்ததும் உடனே நிற்க வைக்காதீங்க, தலை சுற்றும். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுச் சற்று உட்காரட்டும். பிறகு உறுதியான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பழக்கம், ஐந்தைந்து தடவையாக, காலை, மதியம், மாலை. பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள், தூக்கிவிட வேண்டாம். அடுத்து வாசல் வரை, அடுத்து திண்ணை வரை. ஒரு காலில் வலி என்றால் ஊன்றுகோல் மறு பக்கத்துக் கையில் இருக்கவேண்டும். பலர் இதை மாற்றிப் பிடிக்கிறார்கள். எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் ஆனவரா? எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்று டாக்டரிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

குந்தி உட்கார முடியாதவருக்கு, நடுவில் ஓட்டை வைத்த நாற்காலியைக் கழிப்பிடத்தின் மேல் ஆடாமல் போட்டுக்கொடுங்கள். வழியில் கல், கயிறு கிடக்கக்கூடாது. இரவில் விளக்கு வேண்டும்.

வெறும் கஞ்சியால் சதை ஊறாது. சாமைச் சோறு, கேழ்வரகுக் களியோடு பருப்பு, கொள்ளு, முட்டை சேருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளவும்.

கணவன்மார்களே, இது மருமகள் ஒருத்தியின் வேலையல்ல. உங்கள் தகப்பனாரைக் குளிக்கும் இடம்வரை நடத்திக் கூட்டிப்போவது உங்கள் பொறுப்பு. அந்த நேரத்திலாவது அவள் ஒரு வாய் சாப்பிடட்டுமே!

பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 5-8-2021 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடி வந்து இயன்முறைப் பயிற்சி கொடுப்பதும் உண்டு. பெரியவர் வீடு திரும்பியதுமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், காய்ச்சல் வந்தால், தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தால் அன்றைக்கே காட்டுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, திடீரென்று வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஆள் தெரியாத குழப்பம் இவற்றில் எது கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதீங்க. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.