ஆலோசகர் அம்பேத்கர்: உழைப்பும் ஓய்வும்

(வெள்ளி விழா மேடையில் ஆற்றிய உரை)



அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதையாக நாடறியும். தொழிலாளரின் வேலைக்கும் ஓய்வுக்கும் முறை வகுத்த ஆலோசகராக அவரை இன்று நினைவுகூர விழைகிறேன்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில், சுபேதார் ராம்ஜி சக்பாலின் 14-ஆவது குழந்தையாக அண்ணல் பிறந்தார். பின்னர் பம்பாயின் பரேல் தொழிலாளர் குடியிருப்பில் ஒற்றை அறையே குடும்பத்துக்கு வீடாயிற்று. இரவு 2 மணிக்குத் தந்தை எழுப்ப, சிறு விளக்கொளியில் மகன் படித்தார். ஆலைத் தொழிலாளரிடையே வளர்ந்தமையால் அவர்தம் வாழ்வை நேரில் அறிந்தார்.

1913-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று பொருளியல் பயின்றார். 1917-இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தபோது, கடைநிலை ஊழியரும் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளை அவர் மேசைமீது எறிந்தனர். தங்க இடமும் கிடைக்கவில்லை. பம்பாய் திரும்பியவர், பங்கு வணிகருக்கு ஆலோசனை கூறும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அறிவுரையை நாடி வந்தவர்கள், கூறுபவரின் சாதியை அறிந்ததும் வருகையை நிறுத்திக்கொண்டனர். நிறுவனம் மூடப்பட்டது.

அன்று புறக்கணிக்கப்பட்ட அதே அறிவை, 1942-இல் ஆட்சியே நாடி வந்தது. வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக அண்ணல் பொறுப்பேற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பினரும் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவர் பொறுப்பிலிருந்த காலத்தில், 1945-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஆலைத் தொழிலாளருக்கு ஊதியத்துடன் கூடிய விடுமுறையை அளித்தது. 1946-ஆம் ஆண்டுத் திருத்தம், ஆண்டு முழுவதும் இயங்கும் தொழிற்சாலைகளில் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்தது.

குறைந்த அந்த 6 மணி நேரம் எதற்காக? 1945-இல் வெளிவந்த தம் நூலொன்றில் அண்ணல் இதற்கு விடை கூறுகிறார். ஓய்வு இல்லாதவனுக்குப் பண்பாட்டு வாழ்வு கைகூடாது. இயந்திரம் மனிதனின் பளுவைக் குறைத்து அந்த ஓய்வை அளிக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

தம் வாழ்விலும் அவர் அவ்வாறே ஒழுகினார். பம்பாய் தாதரில் அவர் கட்டிய ராஜகிருஹம் நூல்களுக்காகவே எழுந்த இல்லம் எனலாம். முதிய வயதில், அத்தனை அலுவல்களுக்கிடையிலும், ஆசிரியர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து வயலின் பயின்றார்.

இளைஞர்களே! விடியுமுன் வயலில் இறங்கி, இருட்டிய பின் குடிசை திரும்பிய நம் பாட்டன் பாட்டியருக்குத் தமக்கென்று ஒரு நாழிகையும் இருந்ததில்லை. ஆண்டையின் குரலே அவர்களுக்குக் கடிகாரம். ஆதலின் ஓய்வு நேரத்தைச் சோம்பலென்று இகழாதீர், வீண்பொழுதாகவும் கழிக்காதீர். பணிக்குச் செல்வோர் தம் வேலை நேரத்தையும் விடுமுறை உரிமையையும் அறிந்து கேட்டுப் பெறுங்கள். பெற்ற நேரத்தில் ஒரு நூலை எடுங்கள். ஓர் இசைக்கருவியைத் தொடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். அண்ணல் ஈட்டித் தந்த மணித்துளிகளுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.