மடைக் கணக்கும் இரும எண்ணும்

(கம்பம் பள்ளத்தாக்கில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சிக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

கணிப்பொறிக்கு ஒன்று, பூச்சியம் என்னும் இரண்டு இலக்கங்களே தெரியும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இதனை அயல்நாட்டு வித்தை என எண்ணிவிட வேண்டாம். நம் பாட்டிமார் கையாண்ட அளவைகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. பதினோர் ஆழாக்கு அரிசி வேண்டுமாயின், படியால் ஒரு முறை, உழக்கால் ஒரு முறை, ஆழாக்கால் ஒரு முறை அளந்தால் போதும், உரிக்கு வேலையில்லை. படி ஒன்று, உரி பூச்சியம், உழக்கு ஒன்று, ஆழாக்கு ஒன்று. வரிசையாக எழுதினால் 1011. பதினொன்றின் இரும வடிவம் அதுவேயாகும்.

அலுவலகக் கணிப்பொறியிலுள்ள எக்செல் விரிதாள் இந்த மாற்றத்தை நொடியில் செய்துவிடும். கட்டமொன்றில் சமக்குறி இட்டு, டி, இ, சி, 2, பி, ஐ, என் ஆகியவற்றை ஆங்கிலத்தில் இடைவெளியின்றித் தட்டி, அடைப்புக்குறிக்குள் எண்ணை இடுக. முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை நீர் தேக்கலாமென உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. நம்மில் எவரும் மறவாத எண் அது. 142ஐ இட்டால் 10001110 என விடை வரும். 128, 8, 4, 2 ஆகியவற்றின் கூட்டு.

இதனால் உழவருக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். முறை வைத்து நீர் பாய்ச்சும் கண்மாயொன்றில் எட்டு மடைகள் இருப்பதாகக் கொள்வோம். முதல் மடைக்கு 1, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 4 என இரட்டித்துக்கொண்டே போனால் எட்டாவதற்கு 128. இன்று முதல், மூன்றாம், ஆறாம் மடைகள் திறந்திருந்தால் 1, 4, 32 கூட்டி, 37 என்ற ஒரே எண்ணைப் பதிவேட்டில் எழுதலாம். தகராறு வரும் நாளில் அதனை இரும எண்ணாக மாற்றினால் எந்த மடை திறந்தது, எது அடைத்திருந்தது என்பது தெரிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வலக்கோடியிலிருந்துதான் மடைகளை எண்ண வேண்டும். 37க்கு விரிதாள் 100101 என ஆறு இலக்கங்களையே தரும். முன்னுள்ள பூச்சியங்களை விழுங்கிவிடும். அதனை இடமிருந்து எண்ணுபவர் மூன்றாம் மடையின் நீரை நான்காம் மடைக்கு எழுதிவிடுவார். நீர் பெறாத நான்காம் மடைக்காரர் பெற்றதாகக் கணக்காகும். அடுத்த முறையில் அவர் பயிர் வாடும். ஆகவே எண்ணுக்குப்பின் காற்புள்ளியிட்டு 8 என்றும் சேர்த்து இடுங்கள். 00100101 என எட்டு இலக்கங்களும் நிற்கும். இடக்கோடியில் நிற்பது எட்டாம் மடை. இந்த விடையை விரிதாள் எழுத்தாகவே கொள்வதால், கூட்டல் கணக்கில் சேர்க்கலாகாது.

பெரிய எண்களுக்கு இச்சூத்திரம் உதவாது. 511 வரைதான் இதன் எல்லை. நம் பள்ளத்தாக்கின் இருபோக நஞ்சை 14,707 ஏக்கர் என்பதை இட்டால் பிழைச் செய்தியே வரும். அதற்கு ‘பேஸ்’ என்னும் மற்றொரு சூத்திரம் உண்டு. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் எக்செலில் அது கிடைக்கிறது. காற்புள்ளியில்லாமல் 14707 என்று எண்ணை இட்டு, அதன்பின் காற்புள்ளியும் 2ம் தட்டினால் 11100101110011 என்று விடை வரும்.